கடைசி ஆசனத்திலிருந்து ஒரு வாகனத்தை அளப்பது

சில ஆண்டுகளுக்கு முன்பு தலவாக்கலைப் பக்கமிருந்து கதிர்காமத்துக்கு ஹயர் வேன் ஒன்றில் குடும்பமாகப் போனோம். வயதில் மூத்தவர் என்பதால், நீளமான கடைசி ஆசனத்தை அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கு ஒதுக்கினோம். வேண்டுமானால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி எண்ணூறு மீற்றருக்கு மேல் இறங்கும் அந்த வளைந்த வீதியில், இராவண எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும், ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் சொப்பிங் பேக்கையும் பிடித்துக்கொண்டு கண்களை மூடியவர், வெல்லவாயவில் வேன் நின்ற பிறகுதான் கண் திறந்தார். "இடுப்பு விட்டுப் போச்சு, ஒரு கை குடுப்பா" என்றார். அதே வேனின் நடு வரிசையில் இருந்த மாமா அப்போதுதான் தூங்கி எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். வாகனமும் வீதியும் சாரதியும் இருவருக்கும் ஒன்றுதான். அமர்ந்திருந்த இடம் மட்டும் வேறு.

குடும்ப வாகனம் வாங்கும் பேச்சு வந்தால் "உள்ளே இடம் தாராளம்", "சீட் மெத்து மெத்தென்று இருக்கிறது" என்னும் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் வந்துவிடும். யாருக்குத் தாராளம், எந்த வரிசையில், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்காதவரை இவ்விரண்டுக்கும் பொருளில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை எல்லோரும் அறிவோம். இன்று ஒரு வாகனத்தை வாங்குகிற மலையகக் குடும்பம் அதைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறது. ஆகவே உள்ளிடம் என்பதையும் ஆசன வசதி என்பதையும் எப்படிப் பார்ப்பது, எப்படி ஒப்பிடுவது என்பதைப் புதிதாக வாகனம் பார்க்கத் தொடங்குவோருக்காக இங்கே விளக்க முயல்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு குடும்ப வாகனத்தை அதன் மிக மோசமான ஆசனத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். சாரதியின் ஆசனம் எல்லா வாகனத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

வெளி அளவும் உள் அளவும்

வாகனத்தின் மொத்த நீளம் நமக்குக் கிடைக்கும் இடமன்று. அந்த நீளத்துக்குள் என்ஜினுக்கு ஒரு பங்கு, மனிதர்களுக்கு ஒரு பங்கு, பொருள்களுக்கு ஒரு பங்கு, மோதினால் நசுங்கிக் கொடுப்பதற்கென்று ஒரு பங்கு போய்விடுகிறது. மனிதர்களுக்கான பங்கை ஓரளவு காட்டிக்கொடுப்பது, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரையுள்ள தூரமாகும். இதை வீல்பேஸ் என்பார்கள். அல்டோ 800இல் இது 2360 மில்லிமீற்றர். 2017இல் வந்த ஜப்பானிய வெகன்ஆரில் 2460. டொயோட்டா எக்ஸியோவில் 2600, பிரிமியோவில் 2700, 2014இல் வந்த நோவாவில் 2850. இந்த வரிசையில் எண் கூடக்கூடக் கால் வைக்கும் இடம் பொதுவாகக் கூடும் என்பது சரி. ஆனால் "பொதுவாக" என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் வெகன்ஆர் இந்த விதியை நன்றாகவே குழப்பிவிடும்.

ஜப்பானில் "கெய்" எனப்படும் சிறு வாகன வகைக்கு நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் உயரம் 2 மீற்றரையும் என்ஜின் 660 சி.சி.யையும் தாண்டக்கூடாது என்பது சட்டம். நமது வெகன்ஆரும் பட்டி வேன் என்று நாம் அழைக்கும் சுசுகி எவ்ரியும் இந்த வகைதான். நீளத்தையும் அகலத்தையும் கூட்ட முடியாத நிலையில், வடிவமைப்பாளர்கள் கைவைத்தது உயரத்தில். ஒருவரைத் தாழ்ந்த ஆசனத்தில் அமர்த்தினால் கால் முன்னால் நீண்டு இடத்தைப் பிடிக்கும். உயர்ந்த ஆசனத்தில் நிமிர்ந்து அமர்த்தினால் கால் கீழ்நோக்கி மடிந்து, முன்னால் குறைந்த இடமே தேவைப்படும். வீட்டுக் குசினியில் பலகைக்கட்டையில் உட்காருவதையும் கதிரையில் உட்காருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். இந்த ஒரு தந்திரத்தால்தான், 3395 மில்லிமீற்றர் மட்டுமே நீளமுள்ள வெகன்ஆருக்குள் 2450 மில்லிமீற்றர் உள் நீளம் கிடைக்கிறது. தன்னைவிடப் பெரிய கார்களின் பின் ஆசனத்தைவிட இதன் பின் ஆசனத்தில் முழங்கால் தாராளமாக இருப்பதாக மக்கள் சொல்வது வெறும் பேச்சல்ல.

நீளத்தில் கிடைத்த அந்த வெற்றி அகலத்துக்கு உதவாது. அதே வாகனத்தின் உள் அகலம் 1355 மில்லிமீற்றர். வளர்ந்த ஒருவரின் தோளகலத்தை ஏறத்தாழ 45 சென்டிமீற்றர் என்று கொண்டால், மூவருக்கு 135 சென்டிமீற்றர் ஆகிறது. கணக்குக்குப் பொருந்திவிட்டதே என்று தோன்றும். ஆனால் உற்பத்தியாளர் சொல்லும் உள் அகலம், உள்ளே மிக அகலமான இடத்தில் எடுக்கப்பட்ட அளவாகும். கதவின் கைப்பிடியும் கைவைக்கும் மேடையும் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அது குறைந்துவிடும். ஜப்பானிய விதிப்படி இந்த வகை வாகனம் நால்வருக்கானது. பின்னால் இருப்பவை இரண்டு ஆசனப் பட்டிகளே (சீட் பெல்ட்). பின்னால் மூவரை நெருக்கி அமர்த்தினால், நடுவில் இருப்பவருக்குப் பட்டியும் கிடையாது, வளைவில் பிடிப்பதற்கு எதுவும் கிடையாது. பாட்டியும் தாயும் இரண்டு பிள்ளைகளும் தகப்பனும் உள்ள ஐவர் குடும்பத்துக்கு இது சிறு விடயமன்று.

எக்ஸியோ, பிரிமியோ, நோவா என்று எந்த ஜப்பானிய வாகனத்தைப் பார்த்தாலும் அகலம் 1695 மில்லிமீற்றர் என்றே வருவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். இதற்கும் ஒரு சட்டமே காரணம்: அங்கே சிறிய பயணிகள் வாகனம் என்று பதிவு பெற, அகலம் 1.7 மீற்றரையும் நீளம் 4.7 மீற்றரையும் தாண்டக்கூடாது. அதனால் "பெரிய கார், பின்னால் மூவர் வசதியாக இருக்கலாம்" என்று நீளத்தைப் பார்த்து முடிவு செய்வது தவறு. பிரிமியோ நீளமானது; அகலத்தில் அது எக்ஸியோவின் அளவுதான். மூவர் நெருக்கமின்றி அமர வேண்டுமானால், ஹொண்டா வெசல் போன்று 1770 மில்லிமீற்றருக்குப் போன வாகனங்களைப் பார்க்க வேண்டும், அல்லது மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டும். மூன்றாம் வரிசையில் வேறு தொல்லைகள் இருக்கின்றன. அவற்றைச் சற்று நின்று பார்ப்போம்.

ஒரே அளவில் இரண்டு வேன்கள்

உள்ளிடத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாம் கே.டி.எச். என்று சொல்லும், 2004இல் அறிமுகமான டொயோட்டா ஹையேஸின் சாதாரண உடலும், 2014ஆம் ஆண்டு நோவாவின் சாதாரண உடலும் வெளியே ஒரே அளவுடையவை: இரண்டும் 4695 மில்லிமீற்றர் நீளம், 1695 அகலம். உயரத்தில் மட்டும் கே.டி.எச். கூடுதல். ஆயினும் உள்ளே இருப்பவருக்கு இவை முற்றிலும் வேறுபட்ட வாகனங்கள்.

கே.டி.எச்.சில் என்ஜின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே முன்னால் மூக்குப் பகுதி அநேகமாக இல்லை. முன்னால் இருப்பவர்கள் கிட்டத்தட்ட முன் சில்லுகளின் மேலேயே அமர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ள நீளம் முழுவதும் ஆசன வரிசைகளுக்கும் பொருள்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் அதன் வீல்பேஸ் 2570 மட்டுமே, அதனால் பின் சில்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது. நோவாவில் என்ஜின் முன் மூக்குக்குள் இருக்கிறது. உள் நீளத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. பதிலுக்கு வீல்பேஸ் 2850 இருப்பதால், முதல் இரண்டு வரிசையினரும் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலும், மூன்றாம் வரிசையினர் பின் சில்லை ஒட்டியும் அமர்கிறார்கள்.

சில்லுக்கு எந்தப் பக்கம் அமர்கிறோம் என்பது ஏன் முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாகனத்தின் பின் சில்லு ஒரு மேட்டில் ஏறி, வாகனத்தின் பின் பகுதி 5 சென்டிமீற்றர் உயர்கிறது என்று கொள்வோம். முன் சில்லு அப்படியே இருக்கிறது. இரு சில்லுகளுக்கும் நட்டநடுவில் இருப்பவர் 2.5 சென்டிமீற்றர் மட்டுமே தூக்கப்படுவார். பின் சில்லுக்கு நேர் மேலே இருப்பவர் 5 சென்டிமீற்றர் தூக்கப்படுவார். பின் சில்லிலிருந்து 60 சென்டிமீற்றர் பின்னால், 2570 மில்லிமீற்றர் வீல்பேஸ் உள்ள வாகனத்தில் இருப்பவரோ 6 சென்டிமீற்றருக்கும் மேல் தூக்கப்படுவார். நடுவில் இருப்பவரின் இரண்டரை மடங்கு. சிறுவர் பூங்காவில் ஏற்றப்பலகை (சீசோ) ஆடியவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. அப்பாயியை நாங்கள் அன்புடன் அமர்த்திய இடம் அந்தப் பலகையின் நுனி.

இதோடு ஸ்பிரிங்கின் தன்மையும் சேர்கிறது. கே.டி.எச்.சின் பின் சில்லுகளைத் தாங்குவது பாரம் சுமப்பதற்கென அமைந்த இலைவில் அடுக்கு, நோவாவில் சுருள்வில். இலைவில் நிறையப் பாரம் ஏறினால் நிதானமாகவும், நான்கைந்து பேருடன் போனால் விறைப்பாகவும் நடந்துகொள்ளும். ஆகவே கே.டி.எச். வசதியற்ற வாகனம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்துப் பேரும் மூட்டை முடிச்சுகளும் போகும் பயணத்துக்கு அதன் இடம் நோவாவுக்கு வராது. மூன்று, நான்கு பேர் அடிக்கடி கண்டிக்கு வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பம் அதை வாங்கினால், தேவைக்கு மிஞ்சிய இடத்துக்காக இடுப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருள் ஏற்றும் வகையாக வந்த வேன்களில், இங்கே வந்த பின் ஆசன வரிசைகளைக் கூட்டுவது நம் நாட்டில் சாதாரணம். அப்படிப் பூட்டப்பட்ட ஆசனங்களை ஆசன உறை மறைத்துவிடும். உறையைத் தூக்கிப் பார்த்து, கால்கள் தரையின் உருக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கின்றனவா, வெறும் தகட்டிலா, ஒவ்வொருவருக்கும் பட்டி உண்டா என்று பார்ப்பது அவசியம். நடைபாதையில் வைக்கும் மடக்கு ஆசனங்களுக்கு முதுகுச் சாய்வு பெயரளவில்தான் இருக்கும். அதை ஓர் ஆசனமாக நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

மென்மை வேறு, தாங்கல் வேறு

ஆசனத்துக்கு வருவோம். கார் சேலில் நிற்கும் வாகனத்தில் ஏறி உட்கார்ந்தவுடன் உடல் மெத்தைக்குள் அமிழ்ந்தால், நல்ல ஆசனம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு முதல் பத்து நிமிடங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். மிக மென்மையான நுரையில் உடல் ஆழமாக இறங்க, பாரம் முழுவதும் உட்காரும் எலும்புகளின் மேல் குவிகிறது. தொடை தாங்கப்படாமல் தொங்குகிறது. முதுகின் கீழ்ப் பகுதி பின்னால் வளைகிறது. சற்று உறுதியான ஆசனம் முதலில் கடினமாகத் தோன்றினாலும், பாரத்தைத் தொடை வரைக்கும் பரப்பி வைப்பதால் இரண்டாவது மணி நேரத்தில் அதன் அருமை தெரியும். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா வரை வரும் ஏ7 வீதியில் ஒரு தடவை முழுமையாக வந்தவருக்கு, இரண்டாவது மணி நேரம் என்றால் என்னவென்று தெரியும்.

நுரைக்கு மறைவான இன்னொரு குணமும் உண்டு. நுரை ஒரு ஸ்பிரிங். அதன் மேல் உட்காரும் உடல் ஒரு பாரம். எந்த ஸ்பிரிங்குக்கும் தனக்கென்று ஒரு தாளம் இருப்பதுபோல, சாதாரண நுரை ஆசனம் வினாடிக்கு ஏறத்தாழ 4 தடவை வரும் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுகிறது. மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை அதிகமாக உணர்வதும் அதே பகுதியில்தான்: வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையான அதிர்வுக்கே, உடலதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் சர்வதேசத் தரம் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறது. தோட்டத்துக்குள் போகும் கல் பாவிய பாதையில் மெதுவாக உருளும் வாகனத்துக்குள் வயிறும் முதுகும் குலுங்குவது இவ்வகை அதிர்வுதான். மெத்தை தடிப்பாக இருந்தால் குலுக்கம் குறையும் என்ற நம்பிக்கை எப்போதும் பலிக்காததற்குக் காரணமும் இதுவே.

ஆசனத்தில் பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று, நான்குக்கு மேல் இல்லை. முதுகைச் சாய்வோடு ஒட்டி வைத்து அமர்ந்தபின், மெத்தையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். விரல் நுழையாவிட்டால் மெத்தை உங்களுக்கு நீளம். நீங்கள் தெரியாமலேயே முன்னால் நகர்ந்து, முதுகைச் சாய்விலிருந்து விலக்கிவிடுவீர்கள். உயரம் குறைந்த நம் வீட்டுப் பெண்கள் பலர் படும் அவதி இது. ஆசனம் சரியில்லை என்று அவர்கள் சொல்லும்போது உயரமான ஆண்களுக்கு அது விளங்குவதேயில்லை. மாறாக, ஒரு சாண் இடைவெளி இருந்தால் மெத்தை குட்டை. தொடைக்குத் தாங்கல் இல்லை. அடுத்தது, தரையிலிருந்து மெத்தையின் முன் விளிம்பு வரையுள்ள உயரம். என் அனுபவத்தில் இது 30 சென்டிமீற்றருக்குக் கீழே போனால் வளர்ந்தவரின் முழங்கால் மேலே எழும்பி, பாரம் எல்லாம் இடுப்புக்குப் போய்விடும். மூன்றாம் வரிசைகள் பலவற்றில் இதுவே நோய். தரைக்கு அடியில் பற்றரி வைத்த மின்சார வாகனங்களின் பின் ஆசனத்திலும் இதைக் காணலாம். தரை உயர்ந்திருக்கும், மெத்தை உயராது.

முதியவர்களுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமானது, நிலத்திலிருந்து ஆசனம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. நின்ற நிலையில், பக்கவாட்டில் திரும்பி, ஏறாமலும் இறங்காமலும் உட்காரக்கூடிய உயரமே முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றது. அல்டோவிலும் பழைய கார்களிலும் கீழே விழுவதுபோல் உட்கார்ந்து, கதவைப் பிடித்து எழும்ப வேண்டும், கே.டி.எச்.சில் படி ஏற வேண்டும். வெகன்ஆர் போன்ற உயர்ந்த சிறு வாகனங்கள் மலையகத்தில் இவ்வளவு பரவியதற்கு எரிபொருள் சிக்கனத்தை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். சேலை கட்டிய ஒரு மூதாட்டி அதில் ஏறுவதை ஒருமுறை பார்த்தால், இன்னொரு காரணமும் தெரியும்.

வளைவில் நடப்பது

கொழும்பில் இருப்பவர் எழுதும் வாகன மதிப்பீடுகள் நமக்கு முழுமையாகப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். நேரான வீதியில் ஆசனம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கினால் போதும். ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியிலோ, மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலோ, ஆசனம் பக்கவாட்டிலும் தாங்க வேண்டும். 20 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தால், உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உடல் எடையின் கால் பங்கு வரும். 60 கிலோ எடையுள்ளவரை 15 கிலோ பாரம் பக்கத்திலிருந்து தள்ளுவதற்கு இது சமம். வளைவு முடிந்ததும் மறுபக்கத்திலிருந்து தள்ளும். முதுகுச் சாய்வின் இரு ஓரங்களும் சற்று உயர்ந்து உடலை அணைத்திருந்தால் ஆசனம் அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளும். பெஞ்சுபோல் தட்டையான பின் ஆசனத்தில் வயிற்றுத் தசையும் இடுப்பும் கையுமே வாங்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வரும் அந்த அலுப்பு சும்மா உட்கார்ந்திருந்ததால் வந்ததல்ல. உடல் அவ்வளவு நேரமும் வேலை செய்திருக்கிறது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிக்கொள்கிறேன். நல்ல துணியால் ஆன ஆசனத்தின் மேல், அழுக்காகிவிடும் என்று வழுக்கும் ரெக்சின் உறையைப் போடுவது நம்மிடையே பெரிய பழக்கம். நானும் ஒரு கடையில் காசு கொடுத்துப் போட்டு, முதல் கிழமையிலேயே வருந்தினேன். வளைவில் உடல் வழுக்குகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்னால் சறுக்குகிறது. மார்கழி விடியலில் நுவரெலியாவில் அதன் மேல் உட்காருவது பனிக்கட்டியின் மேல் உட்காருவதற்குச் சமம். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைப்பது இலகு என்ற ஒரே நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வாந்திக்கும் உள்ளிடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வினாடிக்குப் பல தடவை வரும் குலுக்கம் முதுகை வருத்தும். இரண்டு முதல் பத்து வினாடிக்கு ஒரு தடவை வரும் மெதுவான ஆட்டமே குமட்டலை உண்டாக்கும். இடமும் வலமுமாக மாறி மாறி வரும் மலைவீதி வளைவுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "அசைகிறோம்" என்கிறது. முன் ஆசனத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில் வயிறு குழம்புகிறது. அடுத்த வளைவைக் கண்ணால் காண்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவு என்பதாலேயே சாரதிக்கு வாந்தி வருவதில்லை. எனவே ஒவ்வொரு வரிசையிலும் அமர்ந்து, அங்கிருந்து முன் கண்ணாடி வழியாக வீதி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பின் வரிசை முன் வரிசையைவிடச் சற்று உயர்ந்திருக்கும் வாகனங்களில் தெரியும். ஆசனங்களின் மேல் பெரிய தலைத்தாங்கிகளும் சிறிய பின் ஜன்னல்களும் உள்ள அழகிய புதுப் பாணி வாகனங்களில் பல வேளை தெரியாது. அவை வெளியே இருந்து பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உயர்ந்த ஆசனத்துக்கு இங்கே ஒரு விலையும் இருக்கிறது. வாகனம் வளைவில் ஒரு பக்கம் சரியும்போது, உயரத்தில் இருப்பவரின் தலை தாழ்வில் இருப்பவரின் தலையைவிடக் கூடுதல் தூரம் ஆடும். ஏறுவதற்கும் வீதியைப் பார்ப்பதற்கும் சுகமான அதே உயரம் வளைவில் சற்று எதிராக வேலை செய்கிறது. ஷொக் அப்சோபர் தேய்ந்த வாகனத்தில் இது இரண்டு மடங்காகத் தெரியும். ஆசனத்தைக் குறை சொல்வதற்கு முன் அப்சோபரை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பொருளுக்கான இடம்

டிக்கியின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். ஜேர்மனிய முறைப்படி, 200க்கு 100க்கு 50 மில்லிமீற்றர் அளவுள்ள, ஒவ்வொன்றும் சரியாக 1 லீற்றர் பிடிக்கும் கட்டைகளை அடுக்கி எண்ணியே அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. அல்டோ 800க்கு 177 லீற்றர். எண்ணைவிட வாயின் அகலமும் தரையின் உயரமும் முக்கியம். கரட், லீக்ஸ் மூட்டையைத் தூக்கி வைப்பவரின் முதுகுக்கு அது தெரியும். வெகன்ஆரின் பின் ஆசனம் முன்னும் பின்னும் நகரும். ஆளுக்கு இடம் கொடுத்தால் மூட்டைக்கு இடம் போகும், மூட்டைக்குக் கொடுத்தால் முழங்காலுக்குப் போகும். ஆகவே விளம்பரத்தில் இரண்டு எண்களும் பெரிதாக இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்று கொள்க. ஹொண்டா ஃபிட்டில் எரிபொருள் தாங்கி முன் ஆசனங்களுக்குக் கீழே இருப்பதால், பின் ஆசனத்தின் மெத்தையை மேலே மடித்து, உயரமான பொருளை நிமிர்த்தி வைக்கலாம். மூன்று வரிசை வாகனங்களில் கடைசி வரிசையை விரித்தபின் பயணப் பை வைக்க எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். பலவற்றில் ஒரு முழத்துக்கும் குறைவே மிஞ்சும்.

பார்க்கப் போகும்போது

விற்பனைக்கு நிற்கும் வாகனத்தில் சாரதி ஆசனத்தில் முதலில் ஏறுவதே வழக்கம். ஏறுங்கள், உங்கள் உயரத்துக்கு ஆசனத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு அதை அசைக்காமல், இறங்கிப் போய் அதற்கு நேர் பின்னால் உட்காருங்கள். முழங்காலுக்கும் முன் ஆசனத்தின் முதுகுக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழைந்தால் போதுமானது. விளம்பரங்களில் வரும் கால்வெளி அளவு, முன் ஆசனத்தை எங்கே வைத்து அளந்தது என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. முன்னால் கூட்டினால் பின்னால் குறையும். உங்கள் வீட்டுச் சாரதிக்குப் பின்னால் கிடைக்கும் இடமே உங்களுக்குரிய அளவு. தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரல் இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் விழுந்தெழும்போது அதில் பாதி போய்விடும். பிரியஸ் போன்று கூரை பின்னோக்கிச் சரியும் கார்களில், முன்னால் தாராளமாக இருந்துவிட்டுப் பின்னால் தலை தட்டும் வாய்ப்பு உண்டு.

அதன்பின் மெத்தையின் நடுவில் முட்டிக்கையை வைத்து உடல் பாரத்தைக் கொடுத்து அமுக்குங்கள். கீழே பலகையோ கம்பியோ தட்டுப்பட்டால் நுரை தேய்ந்துவிட்டது, அல்லது முதலிலிருந்தே மெல்லியது. பத்து ஆண்டு ஓடிய வாகனத்தில் சாரதி ஆசனத்தின் வலது ஓரமும் பின் ஆசனத்தின் இடது ஓரமும் முதலில் தேய்ந்திருக்கும். நுரையை மட்டும் மாற்றித் தைப்பவர்கள் நம் ஊர்களில் இருப்பதால் இதற்காக ஒரு நல்ல வாகனத்தைக் கைவிடத் தேவையில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம். ஜன்னல்களை மூடி, எல்லோரும் உள்ளே அமர்ந்து, குளிரூட்டியின் காற்று கடைசி வரிசை வரை வருகிறதா என்றும் பாருங்கள். நமக்குக் குளிரூட்டி எதற்கு என்று நானும் கேட்டவன்தான். நானுஓயா மூடுபனியில் எட்டுப் பேரின் மூச்சு கண்ணாடிகளை மூடியபோது பதில் கிடைத்தது.

கடைசியாக, ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் ஓட்டாதீர்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லி, கடைசி வரிசையில் பட்டியைப் போட்டுக்கொண்டு, வளைவும் ஏற்றமும் கரடுமுரடும் உள்ள பாதையில் இருபது நிமிடமாவது அமர்ந்திருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சென்ற தடவை மூன்று வரிசை வாகனம் ஒன்றைப் பார்க்கப் போனபோது அப்பாயியையும் கூட்டிச் சென்றோம். நானும் தம்பியும் அளவு நாடாவுடன் உள்ளே குனிந்து சென்டிமீற்றர் எண்ணிக்கொண்டிருக்க, அவர் நடு வரிசையின் இடது ஓரத்தில் போய் அமர்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் பதித்துப் பார்த்தார். தலையைச் சற்று நீட்டி முன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு இறங்குவதற்குக் கையால் தடவிப் பிடி தேடினார். கதவோரத் தூணில் பிடி இல்லை. விற்பவர், பத்து ரூபாய்ச் சாமான், பூட்டித் தருகிறேன் என்றார். "மொதல்ல பூட்டட்டும்பா, அப்புறம் வந்து ஏறிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அப்பாயி வீதியோரம் நிழலுக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை மறுபடியும் போக இருக்கிறோம்.